எது முதலில் முட்டுகிறது? திருகோணமலையில் ஒரு ஹைலக்ஸ் டபுள் கேப்பின் சஸ்பென்ஷன் வேலை

புரட்டாதிக் கடைசியில் ஒரு 1999 ஹைலக்ஸ் டபுள் கேப் உப்புவெளியில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வந்தது. டீசல், நாலு சில்லுக்கும் இழுவை, முன்னுக்கு டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி), பின்னுக்குப் பட்டை ஸ்பிரிங். சொந்தக்காரர் குச்சவெளிப் பக்கம் மீன் ஏற்றுகிறவர். ஐஸ் பெட்டியோடு கரை மணலில் ஏறி வரவேண்டும், கிழமைக்கு இரண்டு நாள் திரியாய்க்கு அங்காலே தென்னமரவாடிப் பக்கத்து வயலுக்கும் கிறவல் ரோட்டில் போய்வருவார். ஆறேழு மாதத்துக்கு முதல் வேறொரு கராஜில் காசு கொடுத்து வாகனத்தை உயர்த்தியிருக்கிறார்.

“தம்பி, வாகனம் நல்லா உயர்ந்து நிக்குது, பாக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா சின்னக் குழியில விழுந்தாலும் ‘டங்’ எண்டு அடிக்குது. முதுகு போச்சு. பிரேக் பிடிச்சா மூக்கும் குத்துது.”

அவர் கடைசியாகச் சொன்ன அந்த மூக்குக் குத்தும் கதையை நான் அன்றைக்குச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்டவை: முன் டயர் இரண்டும் ஒரே ஓரத்தில் தேய்ந்திருந்தன. இடது சி.வி. ஜொயின்ட்டின் (முன் சில்லைச் சுழற்றும் அக்சிலில் உள்ள மடங்கும் மூட்டு) ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் முழுக்க மணல். பின் சொக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) ஒன்றின் மேல் காது, வெல்டிங்கோடு சேர்த்துப் பிய்ந்து தொங்கியது. புல்மோட்டைப் பக்கத்துக் கருமணலில் ஓடும் வாகனத்துக்குக் கிழிந்த உறை சும்மா விஷயமில்லை. இல்மனைட், சிர்கோன் எல்லாம் கலந்த பாரமான மணல் அது, கிரீஸோடு சேர்ந்தால் அரைக்கும் பசையாகவே ஆகிவிடும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி இருந்தது.

உயரமும் ட்ரவலும் ஒன்றல்ல

இதை முதலில் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள். ட்ரவல் என்பது சில்லு முழுதாக மேலே ஏறிய இடத்தில் இருந்து முழுதாகக் கீழே தொங்கும் இடம் வரைக்கும் உள்ள தூரம். வாகனம் நிலத்தில் நிற்கும் நிலையில் இருந்து மேலே போகக்கூடியது ஏற்றம், கீழே போகக்கூடியது இறக்கம். மேடு வந்தால் ஏற்றம் வேண்டும். குழி வந்தால் இறக்கம் வேண்டும், அப்போதுதான் சில்லு நிலத்தை விடாமல் இறங்கிப் பிடிக்கும்.

டோர்ஷன் பாரின் பின் முனையில் இருக்கும் போல்ட்டை இறுக்கினால் வாகனம் உயரும். பார் அதனால் கடினமாவதில்லை, அது அதே இரும்புதான். நடப்பது என்னவென்றால் ஆர்ம் (வாகனச் சட்டத்தையும் சில்லையும் இணைக்கும் கை) எல்லாம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து நிற்கும், மொத்த ட்ரவல் மாறாது, இறக்கத்தில் இருந்த பங்கு ஏற்றத்துக்குப் போய்விடும். இந்த ஹைலக்ஸில் அளந்தபோது முன் பக்கம் மொத்தம் 6½ அங்குலம், அதில் இறக்கம் வெறும் ¾ அங்குலம். ஒரு அங்குலக் குழி வந்தாலே சில்லு அந்தரத்தில் தொங்கி, மேல் ஆர்ம் போய் இறக்கத் தடுப்பு ரப்பரில் அடிக்கிறது. அந்த ‘டங்’ அதுதான். ஓட்டுபவருக்கு ஸ்பிரிங் கடினமாகிவிட்டது போலத் தோன்றும், ஸ்பிரிங்கில் ஒரு பிழையும் இல்லை.

நீள ட்ரவல் என்ற இந்தக் கலை வளர்ந்தது மெக்சிகோவின் பாஜா கலிபோர்னியாப் பாலைவனப் பந்தயங்களில். 1967 இல் டிஹுவானாவில் இருந்து லா பாஸ் வரைக்கும் முதல் ஓட்டம் நடந்தது. இன்றைக்கு அங்கே ஓடும் டிராபி ட்ரக்குகளில் முன் சில்லு இரண்டு அடி அளவுக்கும், பின் சில்லு அதைவிடக் கூடவும் ஏறி இறங்கும். அதற்கு ஆர்ம் நீளம், அக்சில் நீளம், வாகனத்தின் அகலம் எல்லாம் மாறுகின்றன. அவர்கள் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே மண்மேட்டு அலைகளில் பறக்கிறார்கள். எங்கள் அண்ணர், இந்த ஹைலக்ஸின் சொந்தக்காரர், ஐஸ் பெட்டியோடு நாற்பதில் வருகிறார். அவருக்கு அந்த அகலம் தேவையே இல்லை, இருக்கிற ஆர்முக்குள் ஒளிந்து கிடக்கும் ட்ரவலை வெளியே எடுத்துக் கொடுத்தால் போதும். ஆர்மை மூன்று அங்குலம் நீட்டும் யோசனையை அவருடைய மகன்தான் சொன்னார். நீட்டினால் சி.வி. அக்சிலும் டை ரொட்டும் (ஸ்டியரிங்கில் இருந்து சில்லைத் திருப்பும் கம்பி) அதே அளவு நீள வேண்டும், சில்லு மட்கார்டுக்கு வெளியே வரும், பிரதான வீதியில் ஓட்டும் வாகனத்துக்கு அது தொல்லை. மற்றது, இந்த ஹைலக்ஸில் டோர்ஷன் பாரின் முழு முறுக்கையும் தாங்குவது மேல் ஆர்ம்தான், வாகனத்தின் முன் பாரம் அதில்தான் நிற்கிறது. அதை இங்கே வெட்டி ஒட்ட நான் சம்மதிக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சம்மதிக்க மாட்டேன்.

புது வாகனம் வாங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 இல் திரும்பத் திறந்தாலும் வரியோடு சேர்த்து வரும் விலை மீன் ஏற்றுகிறவருக்கு எட்டுகிற விலை இல்லை. இருக்கிறதைச் சரியாக வைத்திருக்கத்தான் வேண்டும்.

முன் பக்கம்: ஒவ்வொன்றாக முட்டவிட்டுப் பார்த்தது

இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கான வழி இது. செசியை, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தை, தாங்கியில் ஏற்றி, டோர்ஷன் பாரைத் தளர்த்தி, சொக்கைக் கழற்றி, ஸ்பிரிங் பலமே இல்லாமல் சில்லை ஜாக்கால் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே எது எதோடு முட்டுகிறது என்று லைட் பிடித்துப் பார்த்து, சோக்கட்டியால் குறித்து, அதை நீக்கினால் அடுத்தது எது என்று பார்க்க வேண்டும். வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முதல் இதை முடித்தாக வேண்டும். இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளில் வாகனத்தில் ஒரு புதுச் சாமானும் ஏறவில்லை, அண்ணர் வந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கிப் போனார்.

இறக்கத்தில் முதலில் முட்டியது எதிர்பார்த்தது போலவே மேல் ஆர்மின் தடுப்பு ரப்பர். அதைக் கழற்றி வைத்துவிட்டு, உயரம் குறைந்த ரப்பர் போடுவதாக வைத்து அளந்தால் 1 அங்குலம் கூடியது. அடுத்து சொக்கைத் திரும்ப மாட்டிப் பார்த்தேன், இப்போது சொக் முழுதாக நீண்டு நின்றது. சொக்கை இறக்கத் தடுப்பாகப் பாவிக்கக் கூடாது. ஒவ்வொரு குழியிலும் சில்லின் முழுப் பாரமும் அதன் உள்ளே இருக்கும் பிஸ்டனையும் காதையும் இழுக்கும், பின்னால் பிய்ந்து தொங்கியதே, அந்தக் கதைதான் இங்கேயும் நடக்கும். நீளமான சொக் போட்டால் இன்னும் ¾ அங்குலம்.

மூன்றாவதாக நின்ற இடம்தான் என்னை நிறைய நேரம் யோசிக்க வைத்தது. ரப்பரும் இல்லை, சொக்கும் இல்லை, ஆனாலும் சில்லு இறங்க மறுக்கிறது. மேல் பொல் ஜொயின்ட்டின் (ஆர்மையும் சில்லுப் பக்கத்தையும் இணைக்கும், கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் மூட்டு) உறையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன். தண்டின் கழுத்தில் பிறைச் சந்திரன் மாதிரி, நகம் அளவில் பளபளவென்று ஒரு தேய்மானம். கிண்ணத்தின் விளிம்பிலும் அதற்கு நேரே அதே பிறை. பொல் ஜொயின்ட் தன் கோணத்தின் எல்லைக்குப் போய் இரும்போடு இரும்பு முட்டுகிறது. இப்படி முட்ட முட்ட ஒரு நாள் தண்டு முறியும், முறிந்தால் சில்லு படுத்துவிடும். உயர்த்திய வாகனத்தில் நான் முதலில் தேடுவது இனி இந்தப் பிறையைத்தான். இதே போலச் செய்த வாகனம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து ஒருமுறை உறையை விலக்கிப் பாருங்கள்.

இந்த மாடலில் மேல் பொல் ஜொயின்ட் ஆர்மில் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கும். அதனால் ஆர்மைத் தொடாமல், இடையில் 6 பாகை சரிவுள்ள ஒரு இரும்புத் தட்டு வைத்தோம். தட்டை லேத்காரர் தடித்த இரும்பில் மில் பண்ணிக் கொடுத்தார், போல்ட்டுகள் 10.9 தரத்தில் நீளமானவை. அந்தச் சரிவால் ஜொயின்ட்டின் நடு நிலை இறக்கப் பக்கமாகத் தள்ளிப் போகிறது. அதே சரிவு மற்றப் பக்கம் இடத்தைத் தின்னும் என்பதை மறக்கக் கூடாது, முழு ஏற்றத்தில் திரும்பத் தூக்கிப் பார்த்தோம், தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் இடம் இருந்தது. இதால் கிடைத்தது ½ அங்குலம். சின்னதுதான். ஆனால் ஜொயின்ட் இப்போது எல்லையில் முட்டாமல் வேலை செய்கிறது, அந்த அரை அங்குலத்தைவிட அதுதான் முக்கியம்.

நாலாவது சி.வி. ஜொயின்ட். கோணமானியை அக்சிலில் வைத்து முழு இறக்கத்தில் பார்த்தால் 20 பாகை காட்டியது. உள் ஜொயின்ட்டுக்கு இதற்கு மேலே போக நான் விடமாட்டேன், கையால் சுழற்றும்போதே ஒரு இறுக்கம் தெரிய ஆரம்பிக்கிறது. ஆகவே அந்த இடத்திலேயே நிறுத்த இறக்கப் பட்டி கட்டினோம். பல மடிப்பு நைலோன் பட்டி, ஒரு முனை செசியில், மற்ற முனை கீழ் ஆர்மில். பட்டி பாரம் பட்டால் கொஞ்சம் நீளும், அதனால் வேண்டிய நீளத்தைவிட ஒரு அரை அங்குலம் கட்டையாகக் கட்ட வேண்டும். பிரேக் குழாயையும் இதே நிலையில், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டிப் பார்க்க வேண்டும். வலது பக்கம் கிட்டார்க் கம்பி மாதிரி விறைத்து நின்றது, நீளமான குழாய் போட்டோம்.

ஏற்றப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லை. டயருக்கும் உள் மட்கார்டுக்கும் நடுவில் பிள்ளைகள் விளையாடும் களியை உருட்டி ஒட்டி, ஜாக்கால் முழுதாகத் தூக்கி, நசுங்கிய களியின் தடிப்பை அளந்தோம். ஒரு விரல் தடிப்பு இருந்தது, போதும்.

சொக்கின் நீளத்துக்கு ஒரு கணக்கு உண்டு, இதைச் செய்யாமல் கடையில் ‘நீளமானது ஒன்று தாங்கோ’ என்று கேட்டு வாங்குவதுதான் காசு போகும் வழி. கீழ் ஆர்மின் புஷ்ஷில் (ஆர்ம் செசியில் பூட்டும் ரப்பர் மூட்டு) இருந்து பொல் ஜொயின்ட் வரைக்கும் 15 அங்குலம், சொக் பூட்டும் துளை 9 ஆவது அங்குலத்தில். ஒன்பதைப் பதினைந்தால் பிரித்தால் 0.6. சில்லு 8¾ அங்குலம் போனால் சொக் அண்ணளவாக 5¼ அங்குலம் போகும். மேலும் கீழும் கொஞ்சம் மிச்சம் வேண்டும், எனவே 6 அங்குல ஓட்டமுள்ள சொக். சொக்கின் பலம் சில்லில் தெரிவதற்கும் இதே விகிதம்தான், ஆனால் கொயில் ஸ்பிரிங் அந்த இடத்தில் பூட்டும் வாகனம் என்றால் ஸ்பிரிங்கின் கடினம் சில்லில் 0.6 ஆக அல்ல, 0.6 இன் வர்க்கமாக, அதாவது 0.36 ஆகத்தான் தெரியும். கொயில் வாகனத்தில் வேலை செய்யும் பொடியன்கள் இதில்தான் நிறையப் பேர் பிழைக்கிறார்கள்.

கடைசியில் டோர்ஷன் பாரை 1 அங்குலம் இறக்கினோம். மொத்தம் 8¾ அங்குலம், அதில் ஏற்றம் 4¾, இறக்கம் 4. வாகனம் ஒரு அங்குலம் பதிந்தது, சில்லு கீழே போகும் தூரம் ¾ இல் இருந்து 4 ஆனது.

பின் பக்கம்

முன்பு உயர்த்தியவர்கள் பின்னுக்கு ஒரு பட்டை கூடச் சேர்த்து, நீளமான சக்கிள் (பட்டை முனையைச் செசியோடு இணைக்கும் ஆடும் துண்டு) போட்டிருந்தார்கள். சொக்கை மட்டும் மாற்றவில்லை. அதனால்தான் காது பிய்ந்தது.

பட்டை ஸ்பிரிங்கில் நீளம் என்பது பெரிய சொத்து. மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் கடினம் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும், 52 அங்குலப் பட்டையை 56 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு மென்மையாகிறது, வளையவும் இடம் கூடுகிறது. சேர்த்திருந்த பட்டையைக் கழற்றிவிட்டு, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்த நீளமான பழைய செட்டில் மெல்லிய பட்டைகளாகப் பார்த்து எடுத்து அடுக்கினோம். அடியில் ஒரு தடித்த தட்டைப் பட்டை தனியாக நிற்கிறது, ஐஸ் பெட்டி ஏறிப் பின் பக்கம் பதிந்தால்தான் அது வேலைக்கு வரும். வெறும் வாகனம் மென்மை, பாரம் ஏறினால் பலம். பட்டை முனைகளின் கீழே பிளாஸ்டிக் தகடு வைத்தோம், உராய்ந்து இறுகாமல் இருக்க.

சக்கிள் கொளுவியை 4 அங்குலம் பின்னுக்குத் தள்ள வேண்டி வந்தது. செசியின் மேல் கீழ் விளிம்புகளுக்குக் குறுக்கே வெல்டிங் போடக்கூடாது, அந்த இடத்தில்தான் பின்னர் வெடிப்பு விழும். பக்கத் தகட்டில் மட்டும் துளையிட்டு, உள்ளே வலுத் தகடு வைத்து, போல்ட்டால் பூட்டினோம். உப்புக் காற்று ஊர் என்பதால் ஒவ்வொரு துளைக்கும் பூச்சு அடித்துக் காயவிட்டுத்தான் போல்ட் போனது. இதே காரணத்துக்காகத்தான் பாஜா வாகனங்களில் வரும் யூனிபோல் ஜொயின்ட்டுகள் பக்கமே நான் போகவில்லை. நல்ல சாமான்தான், ஆனால் மூடி இல்லாத இரும்பு உருண்டை கடற்கரை மணலிலும் உப்பிலும் ஒரு மாரியைக் கூடத் தாங்காது. ரப்பர் புஷ்தான் இங்கே சரி.

பின் பக்கம் 7 அங்குலத்தில் இருந்து 10½ க்கு வந்தது. ப்ரொப் ஷாஃப்ட்டின் (பின் அக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் தண்டு) வழுக்கி நீளும் பல் இணைப்பான ஸ்ப்லைன் முழு இறக்கத்தில் வெளியே கழன்றுவிடுமா என்று பார்த்தோம், உள்ளே போதுமான பிடி இருந்தது.

ஓட்டிப் பார்த்தபோது

முதல் ஓட்டம் நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, குச்சவெளி, திரியாய், பிறகு உள்ளே கிறவல். ‘டங்’ சத்தம் போய்விட்டது. அண்ணர் பக்கத்தில் இருந்து ஒன்றும் பேசாமல் கையை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டே வந்தார்.

ஆனால் கிறவலில் பிரேக்கை அமத்தியதும் மூக்கு நிலத்தைத் தொடுகிற மாதிரிக் குத்தியது. இறங்கிப் போய்ப் பார்த்தால் முன் டயர் இரண்டும் கோடு இழுத்திருக்கின்றன, பின் டயர்த் தடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போதுதான் அவர் முதல் நாள் சொன்னது எனக்கு உறைத்தது.

இந்த வாகனங்களில் செசியில் ஒரு பிரேக் வால்வு இருக்கும், அதில் இருந்து ஒரு கம்பி பின் அக்சிலுக்குப் போகும். பாரம் ஏறினால் செசி அக்சிலுக்குக் கிட்ட வரும், வால்வு பின் பிரேக்குக்குக் கூட அமுக்கம் விடும். வெறும் வாகனம் என்றால் தூரம் கூடும், பின் சில்லு வழுக்காமல் இருக்க அமுக்கத்தைக் குறைக்கும். வாகனத்தை உயர்த்திவிட்டால்? எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அது வெறும் வாகனம் என்றே வால்வு நினைக்கும். ஆறேழு மாதம் அந்த மனிதர் ஐஸ் பெட்டியும் மீனும் ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்ட முன் பிரேக்கில் மட்டும் ஓடியிருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. முதல் நாளே வாகனத்தின் கீழே படுத்தபோது நான் பார்த்திருக்க வேண்டியது அது.

எங்கள் வேலைக்குப் பிறகும் பின் பக்கம், முதன்முதலில் உயர்த்துவதற்கு முன்பிருந்த அளவைவிட 1 அங்குலம் உயரம். அக்சில் பக்கத்துக் கம்பியின் பிடியை அதே 1 அங்குலம் உயர்த்தி, பிரேக் ஒயில் மாற்றி, காற்றெடுத்து, வெறுமையாகவும் பாரத்தோடும் தனித்தனியே பிரேக் பிடித்துப் பார்த்தோம். இப்போது நாலு தடமும் ஒழுங்காக விழுகிறது.

இரண்டாவது ஓட்டத்தில் சொக்கின் சூடு. அலை அலையாகக் கிடக்கும் கிறவலில் 12 கி.மீ. ஓடிவிட்டு இறங்கித் தொட்டால் முன் சொக்கில் கை வைக்க முடியவில்லை, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் முன் பக்கம் படகு மாதிரி ஆடியது. நாங்கள் முதலில் போட்டது இரட்டைக் குழாய்ச் சொக். அதற்குள்ளே ஒயிலும் காற்றும் ஒரே இடத்தில் இருக்கும், வேகமாக அடிபட்டால் குலுக்கிய சோடாப் போத்தல் மாதிரி நுரைக்கும், நுரை துளைக்குள்ளால் இலகுவாகப் போய்விடும், பிடிப்பு இல்லாமல் போகும். ஒற்றைக் குழாய்ச் சொக்கில் நைதரசனும் ஒயிலும் நடுவில் ஒரு மிதக்கும் பிஸ்டனால் பிரிந்திருக்கும், நுரைப்பது நன்றாகக் குறையும், குழாய்ச் சுவர் நேரே காற்றில் படுவதால் சூடும் கெதியாக இறங்கும். முன்னுக்கு அதை மாற்றினோம். அண்ணருக்கு இது எதிர்பாராத செலவு, அதனால் இரண்டாம் முறை கழற்றிப் பூட்டிய கூலியை நான் எடுக்கவில்லை.

மணலுக்கு இன்னொரு விஷயம். குச்சவெளிக் கரையில் புதைகிறது என்று சொல்லிச் சஸ்பென்ஷன் மாற்ற வருபவர்கள் இருக்கிறார்கள். முதலில் டயர்க் காற்றை 35 பி.எஸ்.ஐ. அமுக்கத்தில் இருந்து 18 க்கு இறக்கிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு விஷயம் முடிந்துவிடும். தார் ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிக்க ஒரு சின்னக் கொம்பிரசர் வாகனத்தில் கிடந்தால் சரி. அண்ணருக்கு நாங்கள் கொடுத்ததும் அதுதான்.

அலைன்மென்ட் எடுத்து, காப்புறுதிக்காரருக்கு மாற்றங்களை எழுத்தில் அறிவித்து, மழை தொடங்க முதல் வாகனத்தைக் கொடுத்தோம்.

தை பிறந்து, மாரி ஓய்ந்த பிறகு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தேன், வந்தார். பட்டையை அக்சிலோடு கட்டும் பின் யூ போல்ட்டுகள் கால் சுற்று இறுகின, புதுப் பட்டை படிந்தால் அப்படித்தான். மேல் பொல் ஜொயின்ட்டின் உறையை விலக்கிப் பார்த்தேன், புதுப் பிறை இல்லை. இடது இறக்கப் பட்டியின் ஓர நூல் கொஞ்சம் பிசிறியிருந்தது, செசித் தகட்டின் ஒரு கூர் விளிம்பில் உராய்ந்திருக்கிறது. விளிம்பை அரத்தால் மழுக்கிவிட்டுப் பட்டியை மாற்றினோம். வலது பக்கமும் அதே விளிம்பு உண்டு என்பதால் அதையும் அன்றைக்கே மழுக்கினோம். அடுத்ததாக ஸ்டியரிங் கம்பியின் ஒரு முனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மில் ஒரு சின்ன ஆட்டம் பிடிபட்டிருக்கிறது, சித்திரைக்கு முதல் அது மாற்ற வேண்டும்.